சூரியன் மறைவதற்குள் கேட்டுவிடுங்கள்

கேள்வி: அக்கா, நான் குமரி மாவட்டத்துக்காரி. எருசலேமில் 88 வயதுப் பாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. மகள் குடும்பமும் அதே வீட்டில்தான். ரொம்பக் கட்டுப்பாடான யூதக் குடும்பம். பாட்டிக்குச் சர்க்கரை உண்டு. பக்கவாதம் வந்த பிறகு விழுங்குவது சிரமம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரையும் போகிறது. 2026 ஏப்ரல் 1, புதன்கிழமை பஸ்கா இரவு, எகிப்திலிருந்து விடுதலையானதை அவர்கள் நினைக்கும் பண்டிகையின் முதல் இரவு. போன மாதம் இறைச்சி சமைக்கும் பாத்திரத்தில் தெரியாமல் பால் காய்ச்சிவிட்டேன். யாரும் திட்டவில்லை, ஆனால் அந்தப் பாத்திரத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எதைத் தொட்டாலும் கை நடுங்குகிறது. அந்த இரவில் நான் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? என் அரிசி, புளி, மசாலாவை என்ன செய்வது? கிறிஸ்தவளான நான் அவர்கள் மேசையில் உட்காரலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தப் பாத்திரத்தை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். பாலும் இறைச்சியும் சேரக் கூடாது என்பது அவர்கள் உணவுச் சட்டம். தெரியாமல் கலப்பது யூத வீடுகளில் அடிக்கடி நடக்கிற தவறுதான். அந்த வீட்டுப் பிள்ளைகளே செய்வார்கள். பாத்திரத்தை ரபியிடம், அதாவது அவர்கள் மதகுருவிடம், காட்டிக் கேட்பார்கள். சில நேரம் கொதிநீரில் முக்கி எடுத்துத் திரும்பவும் புழங்குவார்கள், சில நேரம் ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் மீது கோபம் இருந்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும்.

நான் செவிலியர். எருசலேமில் ஒன்பது வருஷம் முதியவர்களோடு வீட்டிலேயே தங்கி வேலை பார்த்துவிட்டு, இப்போது அந்த வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பஸ்கா இரவைப் பற்றி அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: சந்தேகம் எதுவானாலும் சூரியன் மறைவதற்குள் கேட்டு முடித்துவிடுங்கள். யூதர்களின் நாள் மாலையில்தான் தொடங்குகிறது. ஏப்ரல் 1 அன்று எருசலேமில் ஏறக்குறைய ஏழு மணிக்குச் சூரியன் மறையும். அதற்கு 40 நிமிடம் முன்பே வீட்டுப் பெண்கள் விளக்கேற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் மின்விளக்கைப் போடமாட்டார்கள், அணைக்கமாட்டார்கள், எழுதமாட்டார்கள், போன் எடுக்கமாட்டார்கள். தங்களுக்காக அதைச் செய்யும்படி உங்களிடம் நேராகச் சொல்லவும் கூடாது. "இந்த அறை இருட்டாக இருக்கிறதே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். ஐந்து மாதத்தில் ஓய்வுநாள் இரவுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

பாட்டிக்கு வேண்டியது வேறு கணக்கு. நோயாளியின் தேவைக்காக யூதரல்லாதவரிடம் நேராகவே சொல்லலாம் என்று அவர்கள் சட்டமே அனுமதிக்கிறது. அதனால் பாட்டியின் அறை விளக்கு, படுக்கையை உயர்த்தும் பொத்தான், சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாம் உங்கள் அன்றாட வேலைதான், தயங்காமல் செய்யுங்கள். உங்கள் அறையில் உங்களுக்காக விளக்குப் போடுவதும் உங்கள் விஷயம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது. ஆம்புலன்ஸுக்கு 101ஐ அழையுங்கள். யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நீங்கள் அழைக்காவிட்டால் அந்த மகளே போனை எடுப்பார். உயிரைக் காப்பது மற்றக் கட்டளைகளுக்கு மேல் என்பதைப் பக்திமான்கள்தான் இன்னும் உறுதியாகப் பிடித்திருப்பார்கள்.

சரி, உங்கள் சமையல் சாமான்களுக்கு வருகிறேன். நீங்கள் யாத்திராகமத்தில் "புளிப்பில்லாத அப்பம்" என்று படித்து வளர்ந்தவர். அதனால்தான் புளியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே புளிப்பு என்பது நாக்கில் படும் புளிப்பு அல்ல, மாவு புளித்துப் பொங்குவது. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் ஒன்றின் மாவு தண்ணீரோடு சேர்ந்து 18 நிமிடத்துக்கு மேல் சும்மா கிடந்தால் அது ஹமேட்ஸ். அந்த ஏழு நாளும் அதைச் சாப்பிடக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. மட்சா என்கிற புளிப்பில்லாத அப்பத்தை அந்த 18 நிமிடத்துக்குள் பிசைந்து, தேய்த்து, சுட்டு எடுத்துவிடுகிறார்கள். புளியிலோ எலுமிச்சையிலோ ஹமேட்ஸ் கிடையாது. ஆனாலும் ஏற்கெனவே பிரித்த புளிப் பொட்டலத்தைப் பஸ்கா சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அதில் என்ன பட்டிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ரவை, மைதா, சேமியா, பிஸ்கட், நூடுல்ஸ், சோயா சாஸ் எல்லாம் ஹமேட்ஸ் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். பலரும் தவறவிடுவது இரண்டு. ஒன்று ஹார்லிக்ஸ், அது பார்லியும் கோதுமையும் சேர்ந்தது. இன்னொன்று பெருங்காயம். நம் கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். அந்தப் பெருங்காயம் போட்ட சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, ஊறுகாய் எல்லாமே அதோடு சேர்த்திதான்.

அரிசி எப்படி என்றால், வீட்டைப் பொறுத்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசிக் குடும்பம் என்றால் அரிசி, பருப்பு, உளுந்து, சோளம் எல்லாம் கித்னியோத் என்ற வகையில் வரும். ஹமேட்ஸ் அல்ல, ஆனாலும் அந்த நாட்களில் சாப்பிடமாட்டார்கள். ஸ்பானிய வழியிலோ கீழை நாடுகளிலிருந்தோ வந்த பல குடும்பங்களில் அரிசி உண்டு. மூன்று முறை பரப்பிப் பொறுக்கி, ஒரு கோதுமை மணிகூட இல்லை என்று பார்த்த பிறகு உலை வைப்பார்கள். 1950களில் கொச்சியிலிருந்து போய்க் குடியேறிய யூதர்களும் அரிசியை அப்படிப் பொறுக்குகிறவர்கள்தான். பஸ்காவை அவர்கள் பெசாக் என்பார்கள். மகளிடம் நேராகவே கேளுங்கள்: "இந்த வீட்டில் பெசாக்குக்கு அரிசி உண்டா?" அந்த ஒரு கேள்வியிலேயே உங்களுக்கு விஷயம் தெரிகிறது என்று அவருக்குப் புரிந்துவிடும். உங்கள் சாமான்களைப் பூட்டி வைக்க ஓர் அலமாரி தருவார்களா, வெளியே கொடுத்து வைக்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். யூதரல்லாதவருக்குச் சொந்தமான ஹமேட்ஸ் தடுப்புக்குப் பின்னால் தனியே இருக்கலாம் என்று சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பல குடும்பங்கள் அதையும் விரும்புவதில்லை. இதில் வாதாட வேண்டாம். ஒரு வாரம்தானே. முட்டை, உருளைக்கிழங்கு, கோழி, மீன், காய்கறி, பழம், கொட்டைகள் எல்லாம் இருக்கும், நீங்கள் பட்டினி கிடக்கமாட்டீர்கள்.

31ஆம் தேதி செவ்வாய் இரவு வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு மெழுகுவர்த்தி, ஓர் இறகு, ஒரு மரக்கரண்டியோடு அறை அறையாக ஹமேட்ஸ் தேடுவார்கள். பத்து ரொட்டித் துண்டுகளை முன்கூட்டியே அங்கங்கே வைத்திருப்பார்கள், தேடுவது வீணாகிவிடக் கூடாது என்று. மறுநாள் காலை அதையெல்லாம் எரித்துவிடுவார்கள். அன்று காலை பத்து, பத்தரைக்குப் பிறகு ரொட்டி யாரும் தொடமாட்டார்கள். தேடுகிறவர்கள் வருவதற்குள் உங்கள் பங்கு வேலை ஒன்று உண்டு. பாட்டியின் சக்கர நாற்காலி மெத்தையைக் கழற்றி உதறுங்கள். கட்டில் கம்பிக்கும் மெத்தைக்கும் இடையில் விரல் விட்டுப் பாருங்கள். நடைச்சட்டத்தில் தொங்கும் பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். நான் பார்த்துக்கொண்ட தாத்தா ஒருவரின் ஸ்வெட்டர் பையில், கைக்குட்டைக்குள் மடித்த அரை பிஸ்கட் கிடந்தது. வீடு முழுவதும் மூன்று வாரம் தேய்த்துக் கழுவிய மருமகள் அதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அந்தக் களைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் வீட்டில் யாராவது உங்களிடம் சுள்ளென்று பேசினால் அது பெரும்பாலும் களைப்புதான்.

அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பண்டிகை இரவு ஓய்வுநாளைப் போலவே இருக்கும், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அன்றைக்குச் சாப்பிட வேண்டியதை ஏற்கெனவே எரியும் நெருப்பில் சமைக்கலாம். புதிதாகத் தீ பற்றவைக்கத்தான் கூடாது. அதற்காகவே 24 மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தி ஒன்று மூலையில் நிற்கும். தூசி தட்டும்போது அதை அணைத்துவிடாதீர்கள். அடுப்பை நீங்களாகப் பற்றவைக்கவும் வேண்டாம். முழுக்க முழுக்க யூதரல்லாதவர் சமைத்ததைச் சாப்பிடுவதில் அவர்களுக்குத் தடை உண்டு. சில வீடுகளில் அவர்கள் நெருப்பை மூட்டிக் கொடுத்தால் போதும், சில வீடுகளில் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதும் அவர்களாக இருக்க வேண்டும். காய் நறுக்கலாம், பாத்திரம் கழுவலாம். எந்தத் தொட்டியில் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைய விருந்து இறைச்சி விருந்து, அதனால் பாட்டி பழக்கத்தில் பால் விட்ட டீ கேட்டால் மகளைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இனி ஒன்று சொல்ல வேண்டும், கேட்டால் மனது நோகும். திறந்த ஒயின் பாட்டிலை நீங்கள் எடுத்து ஊற்ற வேண்டாம். யூதரல்லாதவர் கையாண்ட ஒயினைக் கட்டுப்பாடான யூதர்கள் குடிப்பதில்லை. பழங்காலத்தில் ஒயினைச் சிலைகளுக்குப் படைத்து ஊற்றும் வழக்கத்திலிருந்து விலகி நிற்க வந்த சட்டம் அது. நான் முதல் தடவை உதவியாக இருக்கட்டும் என்று கிண்ணத்தில் ஊற்றியபோது, வீட்டுப் பெரியவர் ஒன்றும் பேசாமல் அந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றைத் திறந்தார். தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். இரவு முழுக்கத் தூங்கவில்லை. அதற்கு நல்ல விளக்கம் ஏதாவது சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனமில்லை, வலித்தது வலித்ததுதான். ஆனால் பிற்பாடு பார்த்ததையும் சொல்ல வேண்டும். அதே கையால்தான் அவர் மனைவிக்கு ஊட்டினேன், அதே கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அம்மா கடைசிவரை தூங்கினார். சட்டம் ஒயினோடு நிற்கிறது. கொதிக்க வைத்த ஒயினாக இருந்தால் இந்தத் தடையே கிடையாது, பாட்டிலில் "மெவுஷால்" என்று போட்டிருக்கும். மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்: "பாட்டிக்கு நான்தான் குடிக்கக் கொடுக்க வேண்டும், மெவுஷாலாக வாங்கிவிடுங்கள்." சங்கடம் இரண்டு பக்கமும் தீர்ந்துவிடும்.

உங்கள் உண்மையான வேலை பாட்டிதான். அந்த இரவுக்கு செதேர் என்று பெயர், ஒழுங்குமுறை என்று பொருள். கிண்ணத்தை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்வதில் தொடங்கி 15 படிகள். எகிப்திலிருந்து விடுதலையான கதையை ஹகாதா புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார்கள். வீட்டில் சின்னக் குழந்தை எழுந்து "இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டது?" என்று பாடும். பத்து வாதைகளைச் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து பத்துத் துளி ஒயினைச் சிந்துவார்கள். இருட்டிய பிறகுதான் ஆரம்பம், சாப்பாடு வரவே ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும், முடிய நள்ளிரவு. இன்சுலினோ மாத்திரையோ போடுகிற பாட்டி அதுவரை வெறும் வயிற்றில் இருக்க முடியாது. மாலை நாலு மணிக்கு நன்றாகத் தூங்க வையுங்கள். எழுந்ததும் மசித்த உருளைக்கிழங்கு, முட்டை, வெந்த காய் என்று ஏதாவது கொடுங்கள். அன்று பகலில் மட்சா மட்டும் கொடுக்காதீர்கள், அதை இரவுக்கென்று வைத்திருப்பார்கள். மருந்து நேரங்களை இந்த வாரமே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மட்சா உலர்ந்த அப்பளம் மாதிரி. உடையும், தூளாகும், தொண்டையில் ஒட்டும். பக்கவாதம் வந்தவருக்கு அது ஆபத்தான பண்டம், இதை மகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். முதியவரும் நோயாளியும் தண்ணீரில் ஊறவைத்த மட்சாவைச் சாப்பிட்டுக் கடமையை முடிக்கலாம் என்று அவர்கள் சட்ட நூலிலேயே இருக்கிறது. கரைந்து கூழாகிவிடாமல் ஊறினால் சரி. ஹசீதியர் என்ற பக்திப் பிரிவைச் சேர்ந்த சில குடும்பங்களில் பஸ்காவின்போது மட்சாவை நனைப்பதே வழக்கமில்லை, அப்படியானால் ரபியிடம் முன்பே கேட்கச் சொல்லுங்கள். ஊறவைத்ததுகூட வேண்டாம் என்று பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர் சொல்லிவிட்டால் வேண்டாம்தான். அதையும் ரபி சொன்னால் பாட்டியின் மனது ஏற்கும், நீங்கள் சொன்னால் ஏற்காது. தொண்ணூறை நெருங்கும் ஒருவரிடம் "உங்களுக்கு இந்த வருஷம் மட்சா கிடையாது" என்று கடைசி நேரத்தில் மேசையில் வைத்துச் சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை. அதனால்தான் முன்பே கேளுங்கள் என்கிறேன். பானங்களைக் கெட்டியாக்கும் பொடி சோள மாவில் செய்ததாக இருந்தால், நோயாளிக்கு அதில் விலக்கு உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அந்த இரவில் கசப்புக் கீரையும் தின்ன வேண்டும். அதற்குச் சில வீடுகளில் காரமான குதிரைமுள்ளங்கியைத் துருவி வைப்பார்கள். அதன் நெடி மூக்கில் ஏறினாலே இருமல் வரும், பாட்டிக்கு வேண்டாம். ரோமெய்ன் கீரை போதும், அதையும் பொடியாக நறுக்கி, குறைவாக. கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும், ஆகவே திடீரென்று கட்டுக்கட்டாகக் கொடுக்கக் கூடாது. நாலு கிண்ணம் ஒயின் குடிப்பது அந்த இரவின் கட்டளை. வார்ஃபரின் எடுப்பவருக்கு அது சரிப்படாது. பதிலாகத் திராட்சைச் சாறு தருவார்கள், ஆனால் அதில் 100 மில்லிக்கு 15 கிராம் அளவுக்குச் சர்க்கரை. சிறிய கணக்கில் ஒரு கிண்ணம் 86 மில்லி. நாலும் முழுதாக உள்ளே போனால் 50 கிராம் சர்க்கரை. கிண்ணத்தில் பாதிக்கு மேல் குடித்தாலே போதும் என்பதும் அவர்கள் சட்டம்தான். எவ்வளவு, எதைக் கலந்து என்பதை மருத்துவரும் ரபியும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

அன்று சாப்பிடும்போது சுதந்திர மனிதரைப் போல இடப்பக்கம் சாய்வார்கள். சாய்ந்தபடி விழுங்கினால் பாட்டிக்குப் புரையேறும். அஷ்கெனாசிப் பெண்கள் சாயாமலே இருப்பது வழக்கம் என்பதால் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஆசைப்பட்டால் இடக்கைப் பக்கம் ஒரு தலையணை வைத்துக் கொடுங்கள், முதுகு மட்டும் நேராக இருக்கட்டும். கை கழுவும் சடங்கு இரண்டு தடவை வரும். கிண்ணமும் குவளையும் துண்டும் பாட்டியின் மடிக்கே வருகிற மாதிரி தயாராக வையுங்கள்.

அப்புறம் அபிகோமன். மேசையில் அடுக்கியிருக்கும் மூன்று மட்சாவில் நடுவில் உள்ளதை இரண்டாக உடைத்து, பெரிய பாதியைத் துணியில் சுற்றி ஒளித்து வைப்பார்கள். பிள்ளைகள் தேடி எடுத்துப் பரிசு கேட்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கடைசியாக அதைத்தான் எல்லோரும் தின்ன வேண்டும், நள்ளிரவுக்குள். அவர்கள் கணக்கில் நள்ளிரவு என்பது இரவின் நடுப்பொழுது, அன்று 12.40ஐ ஒட்டி வரும். என் முதல் செதேரில் தாத்தாவின் சாய்வுத் தலையணைக்கு அடியில் துணியில் சுற்றிய உடைந்த மட்சாவைப் பார்த்து, மிச்சம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். நாலு பேரப்பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில், திரைக்குப் பின்னால் என்று அரை மணி நேரம் தேடினார்கள். அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தபோது கால் தரையில் நிற்கவில்லை. சொன்னேன். தாத்தா இன்னொரு மட்சாவை எடுத்து உடைத்தார். தொலைந்துபோனால் வேறு எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்கும் விதி இருக்கிறது. ஆகவே அன்று துணியில் சுற்றிய எதையும் எறியாதீர்கள். அபிகோமனுக்குப் பிறகு மிச்சமுள்ள இரண்டு கிண்ணமும் தண்ணீரும் தவிர வேறு எதுவும் சாப்பிடமாட்டார்கள். பாட்டிக்கு இரவு மாத்திரையோடு உணவு வேண்டுமென்றால் அதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். நடுவில் அவருக்குச் சர்க்கரை இறங்கினால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே கொடுங்கள்.

மேசையில் உட்காரலாமா என்று கேட்டீர்கள். அந்நியர் பஸ்காவைப் புசிக்கக் கூடாது என்று யாத்திராகமத்தில் படித்துப் பயந்திருப்பீர்கள். அது பலியிட்ட ஆட்டுக்குட்டியைப் பற்றியது. கி.பி. 70இல் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு அந்தப் பலியே இல்லை. செதேர் தட்டில் இருக்கும் எலும்பு அந்தப் பலியின் நினைவுக்கு மட்டும். கூப்பிட்டால் தயங்காமல் உட்காருங்கள். கதை தொடங்கும்போது மட்சாவை உயர்த்திக் காட்டி அரமேய மொழியில் ஒரு வரி சொல்வார்கள், பசித்தவர் எல்லோரும் வந்து சாப்பிடட்டும் என்று. அந்த வரி வரும்போது பாட்டியின் பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருங்கள். ஒன்று மட்டும்: இயேசுவின் கடைசி இராப்போஜனத்தைப் பற்றி அன்று பேச்செடுக்காதீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு புனிதமோ, அவர்களுக்கு அந்த இரவு அவர்கள் தாத்தாக்களின் இரவு. கதவைத் திறந்து எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு கிண்ணம் வைப்பார்கள். கதவைத் திறக்கும் வேலையை உங்களிடம் கொடுத்தால் சந்தோஷமாகத் திறங்கள்.

இந்த வருஷம் ஏப்ரல் 3 புனித வெள்ளி. புதன் மாலையிலிருந்து வியாழன் இரவு வரை பெரும்பாலான பேருந்துகள் ஓடாது, வெள்ளிக்கிழமை பகலில் ஓடும். ஆலயத்துக்குப் போக விடுப்பு வேண்டுமென்றால் அதையும் இப்போதே மகளிடம் கேட்டுவிடுங்கள், அன்று மாலை அவர்களுக்கு மறுபடி ஓய்வுநாள் தொடங்கிவிடும். பாட்டி காதுக் கருவி வைத்திருந்தால் புதன்கிழமை மதியமே புது பேட்டரி போட்டுவிடுங்கள். அந்தக் குழந்தை பாடுவது அவருக்குக் கேட்க வேண்டும்.

ஹக் சமேயாஹ் (பண்டிகை வாழ்த்துகள்).

அன்புடன்,
அக்கா